குழந்தையின் கண் இமையில் சிவப்புக் கட்டி: முதல் வாரத்திலிருந்து என்ன செய்ய வேண்டும்?

என் மகள் பிறந்தபோது இடது இமையில் ஒன்றுமே இல்லை. பதினாறாம் நாள் குளிப்பாட்டித் துடைக்கும்போது மேல் இமையில் கொசு கடித்தது போல ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. கொசுக்கடி என்றே நினைத்தோம். அடுத்த வாரம் அது தடித்தது. ஏழாவது வாரத்தில், கோவைப்பழத்தை நறுக்கி இமையில் ஒட்டி வைத்தது போல மேடாக நின்றது. அந்தக் கண் பாதிதான் திறந்தது. வீட்டுக்கு வந்த பெரியம்மா, "கிரகணத்தன்னைக்கு வெளியே வந்தியாம்மா?" என்று கேட்டார். நாங்கள் முதலில் காட்டிய மருத்துவர், "வளர வளர தானா மறைஞ்சிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கிரகணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கர்ப்ப காலத்தில் தாய் சாப்பிட்டது, போனது, வந்தது எதுவும் இதற்குக் காரணம் இல்லை. இதைப் படிக்கும் அம்மாக்கள் முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிடுங்கள். மருத்துவர் சொன்னதில் பாதி உண்மை. கட்டி காலப்போக்கில் வற்றிவிடும். ஆனால் அது வற்றும்வரை கண் காத்திருக்காது. முதுகிலோ தொடையிலோ வந்த கட்டிக்குச் சொல்லும் ஆறுதலை இமையில் வந்த கட்டிக்கும் அப்படியே சொல்வதுதான் தவறு. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான்.

இது என்ன கட்டி?

இதன் பெயர் ஹீமாஞ்சியோமா. ரத்தக்குழாய்ச் சுவரின் செல்கள் தேவைக்கு மேல் பெருகி உண்டாகும் கட்டி. புற்றுநோய் இல்லை. ஏறத்தாழ நூறில் நான்கைந்து குழந்தைகளுக்கு உடம்பில் எங்காவது இது வருகிறது. பெண் குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கும் அதிகம். மேலோட்டமாக இருந்தால் பளிச்சென்ற சிவப்பு. தோலுக்கு அடியில் இருந்தால் நீலம் பாய்ந்த வீக்கமாகத் தெரியும். குழந்தை அழும்போது இன்னும் உப்பும். இரண்டும் கலந்தும் வரும்.

இதன் போக்கு ஓர் ஒழுங்கில் நடக்கும். முதல் சில வாரங்களில் தலைகாட்டும். ஐந்தாம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில் மிக வேகமாக வளரும். மூன்று மாதத்துக்குள் தன் முழு அளவில் பெரும்பகுதியை எட்டிவிடும். ஒரு வயதுவாக்கில் வற்றத் தொடங்கி, நான்கு வயதுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

குழந்தையின் பார்வை உருவாகும் காலமும் அதே மாதங்கள்தான். கண் பிறவியிலேயே இருந்தாலும் பார்க்கக் கற்றுக்கொள்வது மூளை. இரண்டு கண்ணிலிருந்தும் தெளிவான படம் வந்தால்தான் மூளை இரண்டையும் பழகிக்கொள்ளும். ஒரு கண்ணின் படம் மங்கலாக வந்தால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கத் தொடங்கும். சோம்பேறிக் கண் என்று சொல்வது இதைத்தான். இமைக் கட்டி மூன்று வழிகளில் இதைச் செய்யும். இமையைக் கீழே தள்ளிக் கண்மணியை மறைக்கலாம். கண்ணைத் தள்ளி மாறுகண் ஆக்கலாம். மூன்றாவதுதான் வெளியே தெரியாதது: கட்டி கருவிழியை அழுத்தி அதன் வளைவை மாற்றிவிடும். அதனால் கண்ணில் சிலிண்டர் பவர் ஏறும். கண் முழுதாகத் திறந்திருக்கும், பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது, ஆனால் அந்தக் கண்ணில் விழும் படம் கோணலாகவும் மங்கலாகவும் இருக்கும். "கண்ணை மறைக்கலையே, அப்புறம் என்ன" என்று விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

முதல் படி: படம் எடுங்கள், வாரத்தை எண்ணுங்கள்

புள்ளி தெரிந்த நாளைக் குறித்துவையுங்கள். வாரம் ஒரு முறை, பகல் வெளிச்சத்தில், ஒரே இடத்தில் படுக்க வைத்து, கட்டிக்கு அருகில் அளவுகோலைப் பிடித்துப் படம் எடுங்கள். கண் திறந்திருக்கும்போது ஒன்று, மூடியிருக்கும்போது ஒன்று. அழாமல் இருக்கும் நேரமாகப் பாருங்கள். நாள்தோறும் பார்க்கிற நமக்கு வளர்ச்சி தெரியாது. இரண்டு வாரப் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மருத்துவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரண்டு மாதம் ஆன குழந்தையிடம் வீட்டிலேயே பார்க்கக்கூடிய இன்னொன்று உண்டு. குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கட்டி உள்ள கண்ணை உள்ளங்கையால் தொடாமல் மறையுங்கள். சும்மா இருக்கும். இப்போது நல்ல கண்ணை மறையுங்கள். சிணுங்கினால், தலையைத் திருப்பினால், உங்கள் கையைத் தள்ளப் பார்த்தால், கட்டி உள்ள கண்ணால் சரியாகத் தெரியவில்லை என்று பொருள் கொள்ளலாம். என் மகள் அப்படித்தான் செய்தாள். அன்று மாலையே கண் மருத்துவமனைக்குக் கிளம்பினோம். இது பரிசோதனைக்கு மாற்று இல்லை. குழந்தை சிணுங்கவில்லை என்பதற்காகப் போகாமல் இருக்காதீர்கள்.

இரண்டாம் படி: யாரிடம், எப்போது?

இமையிலோ கண்ணைச் சுற்றியோ இருந்தால், குழந்தைக்கு ஒரு மாதம் ஆவதற்குள் காட்டிவிடுவது நல்லது. தாமதமாகத் தெரிந்தால் தெரிந்த வாரமே. குழந்தைகளுக்கான கண் மருத்துவரும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது. தோல் மருத்துவரும் சேரலாம். சென்னை எழும்பூரில் அரசு கண் மருத்துவமனையும் அரசு குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கின்றன. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கென்றும், இமை மற்றும் கண்குழிக்கென்றும் தனிப் பிரிவுகள் உண்டு. ஊரில் பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் காட்டினாலும், "கண் மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும், எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

சில அடையாளங்களைக் கண்டால் நாள் கடத்தாமல் அன்றே போக வேண்டும். கண் திறக்கவே முடியாதபடி இமை மூடிவிட்டால், கண் விழி முன்னால் பிதுங்கி வந்தால், கட்டி புண்ணாகி ரத்தம் கசிந்தால், கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் விழியில் படாமல் கட்டியின் மேல் மட்டும் மெதுவாகப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தபடியே கிளம்புங்கள்.

மஞ்சள், வசம்பு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதையும் கட்டியிலோ கண்ணிலோ விடாதீர்கள். அன்போடு சொல்லும் பெரியவர்களிடம் மறுப்பது கஷ்டம், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "டாக்டர் எதுவும் வைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காரு" என்று சீட்டைக் காட்டிவிடுவேன்.

மூன்றாம் படி: கண் பரிசோதனையில் நடப்பது

சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைப்பார்கள். மருந்து எரியும், குழந்தை அழும், அரை மணிக்கு மேல் காத்திருக்க வேண்டும். பால் கொடுக்க வசதியாக ஒரு துண்டும் மாற்றுத்துணியும் எடுத்துப் போங்கள். பிறகு இருட்டறையில் ஒரு கோடு போன்ற ஒளியைக் கண்ணுக்குள் அடித்து, கையில் ஒவ்வொரு லென்சாகப் பிடித்துப் பார்ப்பார்கள். பேசத் தெரியாத குழந்தைக்கும் பவர் இவ்வளவு என்று இதில் தெரிந்துவிடும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். இரண்டு கண்ணுக்கும் பவரில் எவ்வளவு வித்தியாசம்? கண்மணி மறைகிறதா? பதிலை அந்த இடத்திலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த முறை ஒப்பிட அதுதான் வேண்டும்.

கட்டி ஆழத்தில் இருந்தால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று தெரியவும், வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்யவும் அது தேவை. கண்ணைச் சுற்றித் தெரிகிற சிவப்பெல்லாம் ஹீமாஞ்சியோமா இல்லை. பிறக்கும்போதே இமையில் தட்டையான இளஞ்சிவப்புத் திட்டாக இருந்து அழும்போது மட்டும் அடர்ந்தால், அது பெரும்பாலும் ஒன்றிரண்டு வயதில் மங்கிவிடும் சாதாரணத் திட்டு. பிறவியிலேயே நெற்றியிலும் இமையிலும் பரவிய, ஒயின் நிறத்தில் தட்டையாக இருக்கும் மச்சம் வேறு வகை. அது வற்றாது. அந்தக் குழந்தைகளுக்குக் கண் அழுத்தத்தையும் மூளையையும் பார்க்க வேண்டும். சளி பிடித்ததும் திடீரென்று கண் வீங்கிப் பிதுங்கினால் நிணநீர்க் குழாய்க் கோளாறாக இருக்கலாம். சற்று வளர்ந்த குழந்தைக்குச் சில நாட்களிலேயே கண் பிதுங்கி வந்தால், புற்றுநோய் இல்லை என்று முதலில் உறுதிசெய்வார்கள். ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. அதனால்தான் "பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இந்த மருந்து கொடுத்தாங்க" என்பது இங்கே எடுபடாது.

நான்காம் படி: மருந்துக்கு முன்

2008 வரை இதற்கு ஸ்டீராய்டுதான் முதல் மருந்து. வாயாலும் கொடுத்தார்கள், கட்டிக்குள் ஊசியாகவும் போட்டார்கள். கண்ணுக்கு அருகே போடும் ஊசியில், அரிதாக, விழித்திரையின் ரத்தக்குழாய் அடைபட்டுப் பார்வையே போகும் ஆபத்து இருந்தது. அந்த ஆண்டு பிரான்சின் போர்தோ நகரில் கிறிஸ்டின் லேயோதே-லாப்ரேஸ் என்ற மருத்துவர், மூக்கில் கட்டி இருந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டால் இதயத் தசை தடித்துப்போனதால், இதயத்துக்காக ப்ரோப்ரனோலால் கொடுத்ததில் நடந்ததை வெளியிட்டார். மறுநாளே கட்டியின் சிவப்பு ஊதாவாகி, மிருதுவாகிவிட்டது. ரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுவலிக்கும் 1960-களிலிருந்து இருந்த பழைய மருந்து அது. கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கோ ஒரு குழந்தையின் இதயத்துக்காகக் கொடுத்த மருந்து என் மகளின் கண்ணைக் காப்பாற்றியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். பிறகு 460 கைக்குழந்தைகளிடம் நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் மருந்து எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாகவோ ஏறத்தாழ முழுதாகவோ மறைந்தது. வெறும் திரவம் கொடுக்கப்பட்டவர்களில் அது 4 சதவீதம்.

நல்ல மருந்துதான், ஆனால் இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறைக்கும் மருந்து. அதனால் ஆரம்பிக்கும் முன் மருத்துவரிடம் சிலவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்: குறைமாதமா, இப்போதைய எடை எவ்வளவு, இதயத்தில் ஓசை ஏதும் சொன்னார்களா, இளைப்பு வந்ததா, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவா, வேறு என்ன மருந்து போகிறது. உடம்பில் வேறு எங்கெல்லாம் சிவப்புப் புள்ளி இருக்கிறது என்று குளிப்பாட்டும்போது எண்ணிப்பாருங்கள். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் கல்லீரலுக்கு ஸ்கேன் எடுப்பார்கள். கட்டி முகத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பட்டையாகப் பரவியிருந்தால், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களிலும் இதயத்திலும் கோளாறு சேர்ந்து இருக்கலாம். ஃபேஸ் சிண்ட்ரோம் என்பார்கள். அந்தக் குழந்தைகளுக்கு எக்கோவும் (இதயத்துக்கான ஸ்கேன்) எம்.ஆர்.ஐ.யும் பார்த்த பிறகே மருந்து.

கட்டி மெல்லியதாகவும் மேலோட்டமாகவும் இருந்து பார்வையைத் தொடாவிட்டால், டிமோலால் சொட்டு மருந்தைக் கட்டியின் மேல் தடவச் சொல்லிக் கவனிப்பதும் உண்டு. சொட்டு மருந்துதானே என்று கூடுதலாகத் தடவக் கூடாது. அதுவும் ரத்தத்தில் கலக்கும்.

ஐந்தாம் படி: வீட்டில் மருந்து கொடுப்பது

முதல் டோஸ் மருத்துவமனையில்தான். கொடுத்து ஒரு மணி, இரண்டு மணி கழித்து நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். மிகச் சிறிய குழந்தைகளையும் குறைமாதக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு தொடங்குவார்கள். வழக்கமாகக் குறைவான அளவில் தொடங்கி, எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 2 முதல் 3 மி.கி. வரை படிப்படியாக ஏற்றி, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் தவறு நடப்பது பெரும்பாலும் மில்லிகிராமும் மில்லிலிட்டரும் குழம்புவதில்தான். ஐந்து கிலோ குழந்தைக்கு வேளைக்கு 5 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். 5 மி.லி.யில் 20 மி.கி. உள்ள திரவமாக இருந்தால் 1.25 மி.லி. எடுக்க வேண்டும். 5 மி.லி.யில் 40 மி.கி. உள்ள திரவத்தில் அதே 1.25 மி.லி. எடுத்தால் குழந்தைக்கு இரட்டிப்பு மருந்து போய்விடும். புது பாட்டில் வாங்கும்போதெல்லாம் லேபிளில் அந்த எண்ணைப் படியுங்கள். போன மாதத்தது போலவே இருக்கும் என்று நம்பாதீர்கள். மாத்திரையைப் பொடித்துத் தருவதாக இருந்தால், மருந்தாளுநரையே பொட்டலமாக மடித்துத் தரச் சொல்லுங்கள். வீட்டில் கத்தியால் கால் மாத்திரை வெட்டினால் ஒரு துண்டு போல இன்னொன்று இருக்காது.

பாலாடையில் கொடுக்காதீர்கள். நான் முதல் இரண்டு நாள் அப்படித்தான் கொடுத்தேன். மூக்கோரத்திலும் அடியிலும் மருந்து ஒட்டிக்கொண்டு நின்றது. ஊசியில்லாத ஒரு மி.லி. அல்லது இரண்டு மி.லி. சிரிஞ்ச் வாங்கி, தேவையான கோட்டில் ஒரு சிவப்பு நூலைச் சுற்றிக் கட்டிவிட்டேன். தூக்கக் கலக்கத்திலும் கை தவறாது. குழந்தையைச் சாய்த்துப் பிடித்து, கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விடுங்கள். துப்பிவிட்டால், வாந்தி எடுத்துவிட்டால், மறுபடி கொடுக்காதீர்கள். அடுத்த வேளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பால். மருந்தைப் பால் குடிக்கும்போதோ குடித்த உடனேயோதான் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கூடவே கூடாது. மருந்து போகும் காலத்தில் ஆறு வாரத்துக்குட்பட்ட குழந்தை நான்கு மணி நேரத்துக்கு மேலும், நான்கு மாதம் வரையான குழந்தை ஐந்து மணி நேரத்துக்கு மேலும் பால் இல்லாமல் இருக்கக் கூடாது. அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஆறிலிருந்து எட்டு மணி. ராத்திரி அசந்து தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள். குலதெய்வம் கோவிலுக்கு மொட்டை போடக் கிளம்பும் நாள், பஸ் பயணம், கல்யாண வீடு, இப்படிப்பட்ட நாட்களில்தான் பால் தள்ளிப்போகும். முன்கூட்டியே யோசித்து வையுங்கள். ஸ்கேனுக்காகவோ மயக்கமருந்துக்காகவோ வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னால், இந்த மருந்து போகிறது என்று அங்கே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பால் குடிக்கவில்லை, வாந்தி, வயிற்றுப்போக்கு, மூச்சு இளைப்பு, இவற்றில் எது வந்தாலும் அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். குழந்தை சில்லென்று வியர்த்து, துவண்டு, எழுப்பினாலும் சரியாக எழாமல் இருந்தால் அது சர்க்கரை இறங்கிய அறிகுறி. விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே பாலோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுத்துக்கொண்டே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கைகால் மட்டும் ஜில்லென்று இருப்பதும் தூக்கம் குலைவதும் பல குழந்தைகளுக்கு வரும். அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் அடுத்த முறை சொல்லிவிடுங்கள். குழந்தையின் எடை ஏறும்போது அளவும் மாறும். ஒவ்வொரு முறையும் எடை பார்த்தார்களா என்று கவனியுங்கள்.

எங்களுக்கு மூன்றாம் நாள் நிறம் மாறியது. பளிச்சென்ற சிவப்பு, நாவல் பழத்தைத் தேய்த்த கறை போல ஆனது. இரண்டு வாரத்தில் கண் முக்கால்வாசி திறந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் இதே வேகம் இருக்காது.

ஆறாம் படி: கண்ணாடியும் ஒட்டும்

கட்டி சுருங்கியதும் பலர் கண் மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். கட்டி போனாலும் சிலிண்டர் பவர் தங்கியிருக்கலாம். மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பவர் பார்க்க வேண்டும். சீக்கிரம் சிகிச்சை தொடங்கியவர்களுக்குப் பவர் தானாகக் குறையவும் செய்யும்.

என் மகளுக்கு எட்டாம் மாதத்தில் கண்ணாடி போட்டோம். வளையக்கூடிய பிளாஸ்டிக் பிரேம், தலைக்குப் பின்னால் எலாஸ்டிக் பட்டை. முதல் நாள் பிடுங்கி எறிந்தாள். பால் குடிக்கும்போதும் வெளியே தூக்கிக்கொண்டு போகும்போதும் மட்டும் போட்டுவிட்டோம். பத்தாம் நாள் காலையில் அவளே கண்ணாடி டப்பாவைக் காட்டிக் கை நீட்டினாள்.

நல்ல கண்ணை ஒட்டி மூடச் சொன்னால் அதைச் செய்யத்தான் வேண்டும். பலவீனமான கண்ணை வேலை வாங்குவதற்கு அதுதான் வழி. ஒட்டு தோலோடு ஒட்ட வேண்டும். கண்ணாடியின் மேல் ஒட்டினால் குழந்தை ஓரமாக எட்டிப் பார்த்துவிடும். எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவர் சொல்வார். அதற்கு மேல் ஒட்டாதீர்கள், நல்ல கண் கெட்டுவிடும். ஒட்டிய நேரத்தில் பூனை, கோலம், கிலுகிலுப்பை என்று உற்றுப் பார்க்க ஏதாவது கொடுங்கள். அப்போது ஒட்டைப் பிய்க்க நினைவு வராது.

ஏழாம் படி: நிறுத்துவதும் அதற்குப் பிறகும்

மருந்து குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை போகும். சுருங்கிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். சீக்கிரம் நிறுத்தினால் சில குழந்தைகளுக்குக் கட்டி மறுபடி கிளம்பும். மருத்துவர் நிறுத்திய பிறகும் சில மாதம் வாராவாரம் படம் எடுப்பதைத் தொடருங்கள்.

மருந்துக்கு மசியாமல் கண்ணை மறைத்துக்கொண்டே இருக்கும் கட்டியை அறுவை சிகிச்சையில் எடுப்பார்கள். மற்றவர்களுக்கு அறுவை என்பது பின்னாளில், தொளதொளத்த தோலையோ இறங்கிய இமையையோ சரிசெய்வதற்கு மட்டும். மிச்சமிருக்கும் மெல்லிய சிவப்புக்கு லேசர் உதவும். லேசர் ஆழமாகப் போகாது, அதனால் தடித்த கட்டிக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. இமையில் விரலால் தடவினால் மட்டும் தெரியும் ஒரு மெல்லிய சுருக்கம் இருக்கிறது. இரண்டு கண்ணாலும் ஒரே வரியைப் படிக்கிறாள், கண்ணாடியோடு. எட்டு வயது வரை ஆண்டுக்கு இரண்டு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த தேதி காலண்டரில் வட்டமிட்டிருக்கிறது.